நாய் பறித்த குழிகளும் நாங்கள் பார்த்த வேலைகளும்

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் போல வாசலும் பொடக்காளி என்கிற கொல்லைப்புறமும். அதில் எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, நாலைந்து வாழை, அம்மா வைத்த செம்பருத்தி வரிசை. மேற்கே மாடு கட்டுகிற கட்டுத்தரை, அதை ஒட்டிச் சோளத்தட்டுப் போர், அதற்குப் பின்னால் ஆட்டுப்பட்டி. காவலுக்கு இரண்டு நாட்டு நாய்கள். செவலை கடுவன், கருப்பி பொட்டை. இரண்டும் சேர்ந்து பறித்த குழிகளை அடைப்பதற்கென்றே ஒரு காலத்தில் வாசல் ஓரத்தில் மண் குவித்து வைத்திருந்தோம்.

குழியை மூடுவதால் ஒரு பயனும் இல்லை. காலையில் மூடினால் மத்தியானத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் பறித்திருக்கும். ஏற்கெனவே கிளறிய மண் இளகிக் கிடக்கும், அதற்கு வேலை இன்னும் சுலபம். அதனால் மூடுவதை விட்டுவிட்டு, எங்கே பறிக்கின்றன, எந்த நேரத்தில் பறிக்கின்றன, பறித்துவிட்டு அங்கே என்ன செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒரே நாய்தான், ஆனால் செம்பருத்திக்கு அடியில் பறிப்பதற்கும் வேலியோரம் பறிப்பதற்கும் காரணம் வேறு. காரணம் வேறு என்றால் செய்யவேண்டிய வேலையும் வேறு.

முதலில் நாய் செய்யாததைக் கழித்துவிட வேண்டும். எங்கள் பக்கம் மயில் ஏராளம். கீரைப் பாத்தியில் வட்டமாக, ஆழமில்லாமல், சட்டி போலப் பள்ளம் இருந்து பக்கத்தில் சிறகு ஒன்றிரண்டு கிடந்தால் அது மயில் மண் குளித்த இடம். கோழி கிளறினால் மண் நாலாபக்கமும் சிதறியிருக்கும். நாய் பறித்த குழியில் மண் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் பின்னால் வீசப்பட்டிருக்கும், குழியின் முன்சுவரில் நகக்கீறல் தெரியும். இது தெரியாமல் மயிலுக்கும் சேர்த்து செவலைதான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அதிகம் இருந்தவை பகல் குழிகள். மாசி பிறந்ததும் ஆரம்பித்து, சித்திரை வைகாசியில் உச்சத்துக்குப் போகும். ஈரோடும் கரூர் பரமத்தியும் வெயில் பட்டியலில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கிற நாட்களில் எங்கள் வாசலும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தள்ளவேண்டும். அதன் உடம்புச் சூடே 38, 39 டிகிரி. காற்றும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால் இளைப்பது போதாமல் போகிறது. அப்போதுதான் முடி குறைவாக இருக்கிற அடிவயிற்றைக் குளிர்ந்த மண்ணில் வைக்கப் பார்க்கிறது. மேல்மண் கொதித்தாலும் ஒரு சாண் கீழே மண் குளுமையாக இருக்கும். அந்த ஒரு சாணுக்காகத்தான் இந்தப் பாடு.

சரி, அதற்கு ஏன் எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் அடியில்தான் பறிக்கவேண்டும்? சொட்டுநீர்தான் காரணம். வாசல் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது ஈரம் இருப்பது சொட்டுவானுக்குக் கீழே இருக்கிற அந்த வட்டத்தில் மட்டும். அதற்கு மேல் செடியின் நிழல் வேறு. நாயாக இருந்தால் நானும் அங்கேதான் படுப்பேன். வேர் வெளியே தெரிந்த எலுமிச்சையைப் பார்த்து நான் புலம்பியபோது அம்மா சொன்னது: "நாயைப் பறிக்காதேங்கறது கோழியைக் கிளறாதேங்கற மாதிரி கண்ணு. அதுக்குன்னு ஒரு எடத்தக் காட்டி உடு."

இடம் காட்டினோம். கட்டுத்தரைக்கு வடக்கே ஒரு புங்கமரம் இருக்கிறது. வேம்பைவிடப் புங்க நிழல் அடர்த்தி, கோடையிலும் சீக்கிரம் தழைத்துவிடும். அதன் தூரிலிருந்து நன்றாகத் தள்ளி 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோம். முதல் அடி செம்மண், மண்வெட்டிக்கு அடங்கியது. அதற்குக் கீழே எங்கள் ஊர் வழக்கப்படி சரளையும் சுக்கான்கல்லும். கடப்பாரை போடாமல் நகராது. சுற்றிலும் ஒரு வரிசை ஹாலோ பிளாக் வைத்து, மேல்விளிம்பை மட்டும் சிமெண்ட் பூசி மழுங்கடித்தோம். பூசாவிட்டால் நாய் ஏறி இறங்கும்போது அடிவயிற்றை உரசும். பள்ளத்தின் அடியில் எதுவும் போடவில்லை. வடிகாலுக்கென்று ஜல்லி போட்டால் நாய் அதையும் சேர்த்துப் பறித்து மேலே கொண்டுவந்துவிடும்.

உள்ளே என்ன நிரப்புவது என்பதில்தான் யோசனை அதிகம் போனது. எம்சாண்ட் மட்டும் போட்டால் அதில் இருக்கிற நைசான கல்தூள் நனைந்து காய்ந்ததும் பொருக்குத் தட்டி இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதை மட்டும் போட்டால் நாய் உடம்பெல்லாம் தும்பாக ஒட்டிக்கொண்டு திண்ணைக்கு வரும். கடைசியில் பள்ளத்தில் எடுத்த செம்மண்ணையே சலித்து இரண்டு பங்கு, எம்சாண்ட் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தோம். கையில் பிடித்தால் உருண்டையாக வரவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். அந்தப் பதம் வந்தால் போதும்.

குளுமை நிற்பதற்குச் சொட்டுநீரையே இங்கேயும் இழுத்தேன். 16 எம்எம் லேட்டரல் குழாயை வெறுமனே விட்டால் செவலை கடித்துவிடும் என்பது தெரிந்த விஷயம். அதனால் குழாயைப் பிவிசி பைப்புக்குள் செருகி, பிளாக்கின் உள்பக்கச் சுவரில் கிளாம்ப் அடித்து நிறுத்தினேன். மணிக்கு 4 லிட்டர் விடுகிற சொட்டுவான் இரண்டு. பதினோரு மணிக்கு வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்து மூடினால் 8 லிட்டர் இறங்கியிருக்கும். அதற்கு மேல் விட்டால் சேறு. சேறானால் நாய்க்குச் சந்தோஷம், வீட்டுக்காரிக்குக் கோபம்.

நாயைப் புது இடத்துக்குப் பழக்குவதும் பழைய இடத்தை அடைப்பதும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பலிக்காது. செடிகளுக்கு வெல்டு மெஷ் வலையை வட்டமாக வெட்டி, நடுவில் தண்டுக்குத் தாராளமாக ஓட்டை விட்டு, இரண்டு அங்குல மண்ணுக்குக் கீழே படுக்கவைத்தோம். வெட்டிய கம்பி முனையெல்லாம் கீழே மடக்கியிருக்கவேண்டும். கோழி வலை வேண்டாம், மெல்லிய கம்பி சீக்கிரம் துருப்பிடித்து அறுந்து பாதத்தைக் கிழிக்கும். மெஷ் பற்றாத இடத்தில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கினோம். ஈரமும் காக்கும், நகமும் இறங்காது. வாழைக்கு மட்டும் கருங்கல் துண்டுகள்.

அதே நேரம் புதுப் பள்ளத்தில் தேங்காய்ப் பத்தை, கருவாட்டுத் தலை என்று எதையாவது நாய் பார்க்கும்படியே புதைத்தோம். செவலை உடனே பிடித்துக்கொண்டது. கருப்பி எடுத்துத் தின்றுவிட்டு மறுபடியும் வாழையடிக்கே போனது. கல் வைத்த பிறகுதான் வந்தது. ஒரு விஷயம் மட்டும் கவனம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கன் செய்துவிட்டு மிஞ்சிய எலும்பை அப்படியே புதைக்கக்கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், அதோடு ஒட்டியிருக்கிற சின்ன வெங்காயமும் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

அடுத்தது உரக்குழிகள். இவை வெயிலுக்குச் சம்பந்தமில்லாதவை, அதிகாலையில் பறிக்கப்பட்டவை. புதிதாக நட்ட கன்றைத் தேடிப்பிடித்துப் பறித்திருக்கும். மீன் அமிலம் ஊற்றிய இடம், எலும்புத்தூள் போட்ட குழி, இரண்டும் அதற்கு விருந்து. நாம் நட்டது கொய்யாக் கன்று, அதன் மூக்குக்குத் தெரிவது புதைத்து வைத்த கறி. இயற்கை உரம் போடுகிறவர்கள் வீட்டில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இப்போது வாசல் செடிகளுக்கு மட்கிய தொழுஉரமும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும். மீன் அமிலம் வேலிக்கு அந்தப்பக்கம் தோட்டத்துக்கு.

கொட்டமுத்து, அதாவது ஆமணக்குப் புண்ணாக்கு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். விளக்கெண்ணெய் ஆட்டி எடுத்த பிறகும் ரிசின் என்கிற விஷம் புண்ணாக்கில் தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால்தான் அது செயலிழக்கும், வாங்குகிற மூட்டையில் அது நடந்ததா என்று நமக்குத் தெரியாது. இதை எலும்புத்தூளோடு கலந்து போட்டால் வாசனைக்கு வந்த நாய் புண்ணாக்கையும் சேர்த்துத் தின்னும். வாந்தி, ரத்தக்கழிச்சல் என்று ஆரம்பித்து உயிரே போகலாம். நாய் இருக்கிற வீட்டில் அந்த மூட்டையே இருக்கவேண்டாம்.

தட்டுப்போருக்கு அடியிலும் கட்டுத்தரைச் சுவரோரமும் பறித்தவை வேறு ரகம். ஒரே நேர்கோட்டில், மூக்கை உள்ளே நுழைத்து நுழைத்துப் பறித்திருக்கும். அங்கே பெருச்சாளி வளை. வளையின் வாயில் மண் குவித்துப் பெரிதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இதில் நாயைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நம் வேலையைத்தான் அது பார்க்கிறது. கவலை என்னவென்றால் பெருச்சாளி வளைக்குள் நல்லபாம்போ விரியனோ வந்து தங்கும். மூக்கை நீட்டுகிற நாய்க்கு முகத்தில்தான் கடி விழும்.

எலி மருந்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடையில் கறுப்புப் பொடியாகக் கிடைக்கிற சிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறும். அதற்கென்று முறிமருந்து கிடையாது. தின்ற நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருப்பவரையும் தாக்கும், அதனால் காற்றோட்டமான இடத்தில் வைத்துத்தான் கையாளவேண்டும். வளைக்குள் கண்ணாடிச்சில் போடுவதும் எங்கள் ஊரில் உண்டு. பெருச்சாளி பக்கத்தில் வேறு வளை எடுத்துப் போய்விடும், கிழிவது நாயின் பாதம். நாங்கள் கூண்டுப்பொறியில் சுட்ட தேங்காய் வைத்தோம். தட்டுப்போரைத் தரையிலிருந்து தூக்கிக் கல்மேல் மரச்சட்டம் போட்டு அடுக்கினோம். அடியில் வெளிச்சம் நுழைந்ததும் பெருச்சாளிக்கு அந்த இடம் பிடிக்காமல் போய்விட்டது. சிதறிய தவிடு, பருத்திக்கொட்டை இல்லாமல் கட்டுத்தரையைக் கூட்டி வைத்ததும் உதவியது. பெருச்சாளி குறைந்ததும் அங்கே பறிப்பது தானாகக் குறைந்தது.

வேலி விஷயம்தான் நிஜமாக வயிற்றைக் கலக்கியது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி நம் நாய் வேலிக்கடியில் பறித்து வெளியே போய், விடிகாலையில் ஏதோ ஒரு பட்டியில் ஆடு செத்துக்கிடந்தால், செய்தது யார் என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். வெளிநாய் உள்ளே வருவதற்கும் அதே குழிதான் வழி.

எங்கள் வேலி கல்லுக்கால் நட்டு இழுத்த வலைக்கம்பி. அடியில் வலைக்கும் தரைக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி. ஆழமாகக் கால்வாய் வெட்டி வலையைப் புதைக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். இந்தச் சரளையில் வேலி நெடுக இரண்டடி வெட்ட ஆள்கூலி கட்டுபடி ஆகாது. அதற்குப் பதிலாக வலையைப் படுக்கவைத்தோம். நாய் வேலியோரமாக வந்து, வலையை மூக்கால் தொட்டுக்கொண்டுதான் பறிக்க ஆரம்பிக்கும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று சுரங்கம் வெட்டவேண்டும் என்று அதற்குத் தோன்றாது. அதனால் நாய் நிற்கிற பக்கம், வேலியின் அடிக்கம்பியோடு சேர்த்து இரண்டடி அகலத்துக்கு வெல்டு மெஷ்ஷைத் தரையில் விரித்துக் கட்டுக்கம்பியால் முடிந்தோம். முடிச்சுகள் நெருக்கமாக இருக்கவேண்டும், வலை சேருகிற இடத்தில் அரையடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கவேண்டும். ஓரங்களை ஜே வடிவில் வளைத்த கம்பியால் தரையில் அடித்து, மேலே மண் தள்ளி, இடையிடையே கல். வெளிநாய்க்காகப் பட்டிப் பக்கம் மட்டும் வெளிப்புறமும் இதேபோல விரித்தோம்.

மழை பெய்ததும் அதன்மேல் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிவிட்டோம். கொறங்காடுகளில் ஆடுமாடு மேய்வதற்கு வைத்திருக்கிற அதே புல்தான். தூர் கட்டி வளரும், வேர் வலையைப் பிடித்துத் தரையோடு தைத்துவிடுகிறது. இப்போது நானே வலையை எடுக்க நினைத்தாலும் வராது. வடக்கே பழைய கிளுவை வேலி இருக்கிற இடத்தில் மட்டும் இது முடியவில்லை. கிளுவைத் தூர்களுக்கு இடையில் இருந்த சந்துகளில் முள்ளடைப்பு வைத்து, புதுக் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டிருக்கிறோம்.

வேலிக்கடியில் பறிப்பதற்கு வலை பாதி மருந்துதான். ஊரில் எங்காவது பொட்டை நாய்க்குப் பருவம் வந்தால் கடுவன் நாய் காற்றிலேயே தெரிந்துகொள்ளும், அப்புறம் எதையும் பறிக்கும். செவலைக்குக் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்த பிறகு அந்த வெறி வெகுவாக அடங்கியது.

கருப்பியின் கடைசிக் குழியை மட்டும் நாங்கள் தடுக்கவில்லை. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். ஈனுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அது படுக்கைக்கு இடம் தேடிப் பறிக்கும். கருப்பி தட்டுப்போருக்குப் பின்னால் தோள் புதைகிற அளவு பறித்திருந்தது. மேலே போர் சரிந்தால் குட்டிகளோடு மூடிவிடும். பழைய பிளாஸ்டிக் பேரல் ஒன்றைப் பக்கவாட்டில் அறுத்து, அறுத்த விளிம்பில் கிழித்த ஹோஸைச் செருகி, உள்ளே சாக்கு விரித்துக் கட்டுத்தரை மூலையில் வைத்தோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேரலைத் தூக்கி, அது பறித்த குழிக்குப் பக்கத்திலேயே, போர் சரிந்தாலும் எட்டாத தூரத்தில் வைத்ததும் தானாக உள்ளே போய்ப் படுத்தது. பேரல் எடுக்கிறவர்கள் பூச்சிமருந்து வந்த பேரலை எடுக்கவேண்டாம். குட்டிகள் பால் மறந்த பிறகு கருப்பிக்கும் கருத்தடை செய்துவிட்டோம்.

வருகிறவர்கள் போகிறவர்கள் சொன்ன வைத்தியங்களுக்கும் குறைவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, "மொளகாத்தூளத் தூவி உடு தம்பி, மூக்கு எரிஞ்சா அந்தப் பக்கமே வராதுங்கறேன்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கிற ஊரில் மிளகாய்த்தூளைத் தூவினால் அது நாய் மூக்குக்குப் போகுமா, நம் கண்ணுக்கு வருமா என்று அவரே யோசித்துச் சிரித்துவிட்டார். காற்று இல்லாத நாளிலும் நான் செய்யமாட்டேன். பாதத்திலும் கண்ணிலும் பட்டு நாய் துடிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்துருண்டையும் அப்படித்தான், நாய் தின்றால் விஷம். குழிக்குள் நாயின் சாணத்தையே போட்டு மூடுவது கொஞ்சம் வேலை செய்தது. அந்தக் குழியை விட்டுவிட்டு ஒரு முழம் தள்ளிப் பறித்தது. பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டால் சங்கிலி எட்டுகிற வட்டம் முழுக்கப் பறிக்கும், அது சும்மா கிடக்கிற சலிப்பு. பொழுதோடு இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற வண்டித்தடத்தில், ஒரு நடை கூட்டிப்போனால் அது பாதியாகக் குறையும்.

பள்ளத்துக்குப் பராமரிப்பு உண்டு. மாதம் ஒருமுறை மண்ணைச் சலித்து எலும்பு, சாணம், கல் எல்லாம் எடுக்கிறேன். ஈரமண்ணில் கொக்கிப்புழு வளரும் என்பதால் குழந்தைகளை அங்கே விளையாட விடுவதில்லை, நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. ஐப்பசி மழையில் பள்ளம் குட்டையாகிவிட்டது. தாழ்ந்த பக்கம் இரண்டு பிளாக்குக்கு நடுவில் சந்து விட்டதும் வடிந்தது. மார்கழியில் இரண்டும் அந்தப் பக்கமே போவதில்லை, வெந்நீர் அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கின்றன.

மிச்சம் இருப்பது கேட்டுக்கு அடியில்தான். அங்கே வண்டி ஏறி இறங்குவதால் வலை தாங்காது. கடப்பா கல்லைச் செங்குத்தாக ஓரடி இறக்கிப் பதிக்கவேண்டும். கல் வந்து இறங்கிவிட்டது, கொத்தனார் தை கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார்.